எஞ்சின் விளக்கு அழித்தாலும் திரும்பத் திரும்ப எரிகிறது: 2009 டொயோட்டா வியோஸ், மலேசியாவின் சுங்கை சிப்புட்

சிப்புட்வாசி

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2009 வியோஸ், ஆட்டோ கியர், 2 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதத்தில் நான்காவது முறையாக மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது.

முதல் தடவை எரிந்தபோது ஊரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேன் செய்து பி0171 என்ற கோடு, அதாவது கோளாறு எண், வந்திருக்கிறது என்றார்கள். எக்சாஸ்ட் புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றினால் தீர்ந்தது என்றார்கள். 190 வெள்ளி (ரிங்கிட்). ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் விடியற்காலையில் மறுபடி எரிந்தது. திரும்பப் போனதும், போட்ட சாமான் சரியில்லை என்று இன்னொரு சென்சார் போட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை எரிந்துவிட்டது. போகும்போதெல்லாம் அந்தக் கோடு எண்ணை அழித்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஓட்டத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் லேசாக உதறும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி ஈப்போவில் டயாலிசிஸ். விடியற்காலை 5.30க்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதி) பெரிய சாலைக்கு வரச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் லாடாங் (எஸ்டேட்) ரோடு. அந்த நேரத்தில் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. வண்டி அங்கே நின்றுவிட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதனால்தான் கேட்கிறேன். மூன்றாவது சென்சார் வாங்குவதா, வேறு எதையாவது பார்ப்பதா?

லாடாங்பையன்

பயப்படாதீர்கள் அண்ணே. என் பழைய வண்டியில் இரண்டு வருடம் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் மாற்றிக்கொண்டு, தண்ணீர் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். வெப்பமுள் ஏறாத வரை கவலை இல்லை.

சாமான்கடை அக்கா

நான் பதினான்கு வருடமாக வண்டிச் சாமான் கடையில் நிற்கிறேன். தம்பி, மூன்றாவது சென்சார் வாங்காதீர்கள். விற்கிற நானே சொல்கிறேன்.

போனில் கோடைக் காட்டி “அக்கா, இந்த நம்பருக்கு என்ன சாமான்?” என்று வாரத்தில் ஐந்தாறு பேராவது கேட்கிறார்கள். நம்பருக்குச் சாமான் கிடையாது. பி0171 என்றால் எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அவ்வளவுதான் அதற்குப் பொருள். அதை எஞ்சினுக்குச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். இரண்டு தடவை மாற்றியும் மூன்றாவது ஆளும் அதையே சொல்கிறதென்றால் அது உண்மையைச் சொல்கிறது என்றுதானே அர்த்தம்?

மின்சாமானைக் கடைகள் திருப்பி எடுப்பதில்லை. தவறான சாமானோடு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற போமன்

நான் ஓய்வுபெற்ற பட்டறை மெக்கானிக். அக்கா சொன்னது சரி. லாடாங்பையன் தம்பி சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. விளக்கை எரியவிட்டே ஓட்டினால் அடுத்து வேறொரு கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டுதானே இருக்கும். நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு அது ஆகாது.

சிப்புட்வாசி தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். இனி கோடை அழிக்க விடாதீர்கள். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி என்ன வேகம், தண்ணீர் எவ்வளவு சூடு, சுமை எவ்வளவு என்று இசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, ஒரு பதிவு எடுத்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றினாலும் அதே கதி. திருடன் விட்டுப்போன கால்தடத்தை நாமே கூட்டிப் பெருக்கிவிட்டுத் திருடனைத் தேடுவது போலத்தான்.

அழித்ததும் சில நாள் சும்மா இருந்துவிட்டுத் திரும்ப எரிவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் கோளாறுகளில் ஒரே தடவை பார்த்ததும் இசியூ விளக்கைப் போடாது. முதல் ஓட்டத்தில் பார்த்தால் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு. கோளாறே இல்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டம் ஓடினால் விளக்கு தானாக அணையும், ஆனால் கோடு உள்ளேயே இருக்கும். ஆக, ஒன்பது நாள் எரியவில்லை என்பதால் சென்சார் ஒன்பது நாள் வேலை செய்தது என்று ஆகாது.

புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். 30, 40 வெள்ளிக்கே கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் உள்ள சாக்கெட்டில் செருகினால் போனில் பார்க்கலாம். ஃபியூல் ட்ரிம் என்று இரண்டு எண் வரும், ஷார்ட் (அந்தக் கணத்துத் திருத்தம்), லாங் (நாள்பட்ட திருத்தம்). வழக்கமான அளவை விட எத்தனை சதவீதம் கூடவோ குறைத்தோ இசியூ பெட்ரோல் விடுகிறது என்பதே அந்த எண். பூஜ்யத்தை ஒட்டி, கூட்டினால் 10, கழித்தால் 10 வரை இருந்தால் பரவாயில்லை. காலையில் எஞ்சின் சூடாகி முள் நடுவுக்கு வந்ததும், கியரை பார்க்கிங்கில் வைத்து, ஏர்கோன் அணைத்து, மிதியைத் தொடாமல் ஐட்லில் ஒரு நிமிடம் பாருங்கள். அப்புறம் மிதியை மெல்ல அழுத்தி நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஒரு நிமிடம் பிடியுங்கள். இரண்டு இடத்து எண்ணையும் எழுதிப் போடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

சிப்புட்வாசி

நன்றி ஐயா. ஸ்கேனர் வந்துவிட்டது. இன்று அம்மாவை விட்டுவிட்டு மருத்துவ மைய வாசலிலேயே பார்த்தேன்.

ஐட்லில் லாங் 24, ஷார்ட் 7. இரண்டும் கூட்டல். 2500 சுற்றில் லாங் 5, ஷார்ட் 1. மூன்று முறை பார்த்தேன், எண் பெரிதாக மாறவில்லை.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 0, சுற்று 710. நின்றுகொண்டிருக்கும்போதுதான் எரிந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற போமன்

எண்ணே சொல்லிவிட்டது தம்பி. வேக்குவம் லீக்.

உங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்து மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. உள்ளே போகிற காற்றை அது அளந்து சொல்ல, அதற்கேற்ப இசியூ பெட்ரோல் விடுகிறது. அந்தச் சென்சாருக்கும், மிதியை அழுத்தும்போது திறக்கும் காற்றுக் கதவான த்ரோட்டலுக்கும் அப்பால் எங்கோ ஒரு விரிசல் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்று கணக்கில் இல்லை. ஐட்லில் த்ரோட்டல் ஏறக்குறைய மூடியே இருக்கும், உறிஞ்சும் விசையும் அப்போதுதான் மிக அதிகம், எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றோ மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் திருட்டுக் காற்று கால்பங்கு. 2500 சுற்றில் நேர்வழியே நிறையக் காற்று வருவதால் அதே ஓட்டை ஒரு பொருட்டில்லை. அதனால்தான் எண் 24லிருந்து 5க்கு இறங்கியது.

காலையில் உதறுவதும் இதோடு பொருந்துகிறது. இரவுக் குளிரில் ரப்பர் இறுகி விரிசல் வாயைத் திறந்துகொள்ளும். சூடேறியதும் கொஞ்சம் மூடிக்கொள்ளும்.

பார்க்க வேண்டிய முதல் இடம் எஞ்சின் மூடியில் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் இன்டேக் மெனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாய். அதன் அடிப்பக்கம். பிறகு பிரேக் பூஸ்டர் குழாய், அப்புறம் மெனிஃபோல்ட் கேஸ்கெட், இஞ்செக்டர் வளையங்கள். கார்ப் கிளீனர் என்ற ஸ்ப்ரேயை அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான எக்சாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், நீங்கள் செய்யாதீர்கள். துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் தண்ணீர்ப் போத்தல் போதும். லீக் உள்ள இடத்தில் தெளித்தால் எஞ்சின் சத்தம் மாறும்.

சாகா 1.3

இடையில் ஒரு கேள்வி ஐயா. என் புரோட்டான் சாகா காருக்கும் இதே கணக்கா? வேக்குவம் லீக் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள், ஆனால் ட்ரிம் 3, 4தான் காட்டுகிறது.

ஓய்வுபெற்ற போமன்

இல்லை தம்பி, இதில் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் வண்டியில் மேப் சென்சார். அது காற்றின் அளவைப் பார்க்காது, மெனிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தைப் பார்க்கும். வெளிக்காற்று எந்த வழியாக வந்தாலும் அழுத்தம் உயரும், இசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விட்டுவிடும். அதனால் ட்ரிம் அவ்வளவு ஏறாது, ஐட்ல்தான் உயரும். உங்கள் ஐட்ல் எவ்வளவு என்று பாருங்கள்.

சிப்புட்வாசி

கண்டுபிடித்துவிட்டேன்! கை முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு தட்டச்சு செய்கிறேன்.

இன்று டயாலிசிஸ் இல்லாத நாள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று ஐந்து மணிக்கே பானெட்டைத் திறந்தேன். தம்பி மகன் போன் வெளிச்சம் பிடித்தான். ஐயா சொன்ன பிசிவி குழாய் மேலே இருந்து பார்க்க ஒரு குறையும் இல்லை. கறுப்பாக, வழவழப்பாக, புதிது போலவே இருந்தது. அது மெனிஃபோல்டுக்குள் இறங்கும் முன் ஒரு வளைவு இருக்கிறது. விரலை அதன் அடியில் விட்டபோது ஈரப்பசையாக ஒரு மண் படிவு. அழுத்தியதும் நகம் உள்ளே போனது. ஒரு நெல் நீளத்துக்கு ரப்பர் உதடு மாதிரி பிளந்திருந்தது.

ஸ்டார்ட் செய்து காதை அருகில் கொண்டுபோனால் உஸ்ஸென்று சத்தம். மூன்று மாதமாக அந்தச் சத்தத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சூடானதும் விரலால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு தம்பி மகனிடம் எண்ணைப் படிக்கச் சொன்னேன். ஷார்ட் ட்ரிம் கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போனது. விரலை எடுத்தால் மறுபடி ஏறியது. அவன் ஐந்து தடவை செய்து பார்க்கச் சொன்னான்.

குழாய் 16 வெள்ளி, கவ்வி 2 வெள்ளி. மாற்றி ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். ஐட்லில் லாங் 4.

ஐயா, நீங்கள் இந்த வண்டியைப் பார்க்கவே இல்லை, ஆனால் விரலை எங்கே வைப்பது என்று சொன்னீர்கள். அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

சாமான்கடை அக்கா

மனது நிறைந்துவிட்டது தம்பி. கவ்வியை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், புது ரப்பரையும் அறுத்துவிடும்.

செம்பனை ஓரம்

ரப்பர் மட்டுமில்லை, வயரையும் பாருங்கள். நான் இருப்பது லாடாங் வீடு, வண்டி நிற்பது செம்பனை மரத்தடியில். போன வருடம் எனக்கும் இதே மாதிரி ஆக்சிஜன் சென்சார் கோடு, பி0135. சென்சாருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின் இணைப்பில் கோளாறு என்று அதற்குப் பொருள். வாங்கப் போகும் முன் வயரைத் தடவிக்கொண்டே போனேன். பாதி வழியில் எலி கடித்துச் செம்புக் கம்பி பல்லிளித்தது. ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடியதும் சரி.

செம்பனை உள்ள இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. லாடாங்கிலேயே எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் இந்த வருடம் குஞ்சு பொரித்திருக்கிறது. ராத்திரி அதன் கூச்சல் கேட்டால் என் பிள்ளைகள் பயப்படுவார்கள். எனக்கோ நிம்மதியாக இருக்கும்.

மைவிக்காரி

அவசரம். என் பெரோடுவா மைவி காரில் இன்று காலை எஞ்சின் விளக்கு நின்று எரியவில்லை, விட்டு விட்டு மின்னுகிறது. வண்டி குலுங்குகிறது. கோலகங்சாருக்கு வேலைக்குப் போகலாமா?

ஓய்வுபெற்ற போமன்

போகாதே அம்மா. நின்று எரிகிற விளக்கு வேறு, மின்னுகிற விளக்கு வேறு. மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாகப் பிடிக்கவில்லை. எரியாத பெட்ரோல் எக்சாஸ்டுக்குப் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதையே உருக்கிவிடும். ஓரமாக நிறுத்திவிடு.

ஸ்கேன் செய்தால் பி0301 முதல் 0304 வரை ஒன்று வரலாம், கடைசி எண்தான் சிலிண்டர். உன் வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் தனிக் காயில் உண்டு. 0302 என்று வந்தால் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடச் சொல். கோடு 0303க்கு மாறினால் அந்தக் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

மைவிக்காரி

காயிலோடு சேர்ந்து வேறொன்றும் தெரிந்தது ஐயா. காயிலைப் பிடுங்கியபோது பிளக் குழிக்குள் எஞ்சின் எண்ணெய் நின்றது. மேல் மூடியின் கேஸ்கெட் கசிகிறதாம். கேஸ்கெட், பிளக் குழி வளையம், ஒரு காயில் மாற்றியாகிவிட்டது. காயிலை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் எண்ணெயில் ஊறிப் போயிருக்கும் என்றார் பட்டறைக்காரர்.

சிப்புட்வாசி

ஐயா, மறுபடி எரிந்துவிட்டது. சொல்லவே மனம் வரவில்லை.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்காகச் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். கம்போங் ராஜாவை நெருங்கும் ஏற்றத்தில் விளக்கு வந்தது. அதே பி0171. குழாய் மறுபடி வெடித்துவிட்டதோ என்று இறங்கிப் பார்த்தேன், அது நன்றாக இருக்கிறது.

அழிக்கவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 54, சுற்று 3350, சுமை 81. ட்ரிம் ஐட்லில் 3, ஏற்றத்தில் 22.

லாடாங்பையன்

அண்ணே, இவ்வளவு செய்தும் திரும்ப வந்திருக்கிறது. இந்த வயது வண்டிக்கு இதற்கு மேல் செலவு செய்ய வேண்டுமா? விற்றுவிட்டு வேறு பாருங்கள் என்று அக்கறையோடுதான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற போமன்

விற்க வேண்டியதில்லை. இது அதே கோடு, ஆனால் வேறு நோய். முன்பு ஐட்லில் அதிகம், மிதித்தால் குறைவு. இப்போது அப்படியே தலைகீழ். வேக்குவம் லீக் ஏற்றத்தில் இப்படிக் காட்டாது. எஞ்சின் நிறையப் பெட்ரோல் கேட்கும்போது போதுமான அளவு வரவில்லை, அல்லது நிறையக் காற்று வரும்போது ஏர்ஃப்ளோ சென்சார் குறைத்துச் சொல்கிறது. பெரிய ஓட்டை அடைபட்ட பிறகுதான் இது வெளியே தெரிகிறது.

செலவு குறைந்ததை முதலில் செய்யுங்கள். ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே ஒரு கிளீனர் இருக்கிறது, அதை மட்டும் அடியுங்கள். பஞ்சு, துணி, விரல் எதுவும் அந்தக் கம்பியில் படக்கூடாது. காய்ந்த பிறகு மாட்டி, ஏதாவது ஏற்றத்தில் எண்ணைப் பாருங்கள்.

சிப்புட்வாசி

அடித்துப் பார்த்தேன். 22 என்பது 17 ஆனது. அதற்குக் கீழே வரவில்லை.

ஓய்வுபெற்ற போமன்

அப்படியானால் மிச்சம் பெட்ரோல் பக்கம். ஃபியூல் பிரஷர் கேஜ் உள்ள பட்டறையாகப் பாருங்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் போதாது, கேஜை வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐட்லில் நிற்கிற முள் சுமையில் இறங்கினால் டாங்கிக்குள் பார்க்க வேண்டும். உடனே புது பம்ப் போடச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பம்பின் அடியில் சல்லடை மாதிரி ஒரு வலை உண்டு. அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலையைப் பட்டறையிலேயே செய்யுங்கள் தம்பி, வீட்டில் வேண்டாம். திறந்த டாங்கியில் பெட்ரோல் ஆவி நிற்கும்.

சிப்புட்வாசி

ஈப்போவில் கேஜ் வைத்திருந்த ஒரு பட்டறையில், அம்மா டயாலிசிஸில் இருந்த நான்கு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

கேஜை வைப்பர் கையில் கட்டி, அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். சமதரையில் அசையவில்லை. மிதித்து ஏற்றியதும் மெல்லச் சாய்ந்தது, காலை எடுத்ததும் திரும்ப எழுந்தது. பின் இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து பம்பை வெளியே எடுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய வலை, காப்பி வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அப்பா இந்த வண்டியைப் பல மாதம் எடுக்கவே இல்லை, டாங்கியில் கால்வாசி பெட்ரோலோடு அப்படியே நின்றது. அப்போது படிந்த மண்டியாக இருக்கலாம் என்றார்.

பம்பை மாற்றவில்லை. வலை மட்டும் புதிது, டாங்கியைத் துடைத்தார். 28 வெள்ளி வலை, 80 வெள்ளி கூலி. மறுபடி கேஜோடு ஓட்டினோம். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

இன்றோடு ஆறு வாரம். கேமரனுக்கு இன்னொரு முறை ஏறி இறங்கியாயிற்று. ட்ரிம் ஐட்லில் 3, ஏற்றத்தில் 4. விளக்கு எரியவில்லை. காலை உதறலும் இல்லை. அம்மா இப்போதெல்லாம் லாடாங் ரோட்டிலேயே தூங்கிவிடுகிறார்.

சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது விளக்கு எரிந்தால் கோடை அழிக்கும் முன் எனக்கு எழுதுங்கள். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை சந்தைக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

லாடாங்பையன்

அண்ணே, இந்த ஞாயிறு முடியுமா? என் வண்டியில் இன்னும் எரிகிறது.